அம்மாவின் காப்பை அடகு வைத்து மாநாட்டுக்குப் போகலாமா?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். திருகோணமலையில் நிலாவெளிப் பக்கத்தில் 42 கிணறுகளின் உப்புத்தன்மை பற்றி இறுதி வருட ஆய்வு செய்திருக்கிறீர்கள். பாங்கொக்கில் நடக்கும் ஒரு சர்வதேச மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினீர்கள். மூன்றாம் நாளே 'தெரிவாகியுள்ளது, வாழ்த்துகள்' என்று மெயில் வந்திருக்கிறது. நேரில் வந்தால் 420 டொலர், சூமில் பேசினால் 250 டொலர், கட்டுரை 'ஸ்கோபஸ் ஜேர்னலில்', அதாவது ஸ்கோபஸ் என்ற பட்டியலில் சேர்த்திருக்கும் ஓர் ஆய்விதழில், வரும் என்றும் எழுதியிருக்கிறார்கள். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 420 டொலர் என்பது 1 இலட்சத்து 26 ஆயிரம். விமானச் செலவு வேறு. அம்மா காப்பைக் கழற்றித் தரத் தயாராக இருக்கிறா. 'காசு கேட்கிறார்கள் என்றால் அது போலிதானே?' என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். இந்தக் காசைக் கட்டி ஒரு சான்றிதழ் வாங்கினால், நாளைக்கு எம்.பில்லுக்கோ வேலைக்கோ போய் இருக்கும்போது எதிரில் இருக்கிறவர் அதை மதிப்பாரா? இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றல்ல.

நான் 20 வருடத்துக்கு மேல் கம்பஸில் இரசாயனம் படிப்பித்தவன். அதில் ஒன்பது வருடம் ஆண்டு ஆய்வரங்கின் தொகுப்புக் குழுவில் இருந்தேன். கடைசி மூன்று வருடம் கணக்குக் கொப்பியும் என்னிடம்தான் இருந்தது. எந்தக் கம்பஸ் என்று சொல்லவில்லை, சொல்லப்போகிற சில விஷயங்கள் அப்படி. இப்போது உப்புவெளியில் வீட்டோடு இருக்கிறேன். உங்களுக்கு வந்த மெயிலை நான் பார்க்கவில்லை, மாநாட்டின் பெயரையும் நீங்கள் போடவில்லை. ஆகவே அது போலி என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. இந்தத் தொழிலில் காசு எந்தப் பக்கத்தால் வருகிறது, எந்தப் பக்கத்தால் போகிறது என்பதைச் சொல்கிறேன். அது விளங்கினால் மெயிலை நீங்களே எடை போடுவீர்கள்.

'காசு கேட்டால் போலி' என்ற எண்ணம் எங்கட ஆட்களிடம் பலமாக இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. பழைய, பெயர் பெற்ற ஜேர்னல்கள் பெரும்பாலும் எழுதியவரிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. ஆனால் அங்கேயும் யாரோ கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அது பல்கலைக்கழக நூலகம். 1665 இல் லண்டனில் ரோயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 'பிலோசொபிக்கல் ட்ரான்சக்சன்ஸ்' என்ற இதழைத் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கியபோது அதில் நாலு காசு பார்க்கலாம் என்று நினைத்தார். வந்தது வீட்டு வாடகையைத் தாண்டவில்லை. உண்மையான காசு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ரொபர்ட் மக்ஸ்வெல் என்பவர் பேர்கமன் பிரஸ் என்ற பெயரில் ஒவ்வொரு துறைக்கும் கிளைத்துறைக்கும் ஒரு ஜேர்னல் என்று தொடங்கிக்கொண்டே போனார். 1991 இல் அதை எல்செவியர் என்ற பதிப்பகத்துக்கு விற்ற விலை 440 மில்லியன் பவுண். இதில் சூட்சுமம் பெரிதாக இல்லை. ஒரு கடையில் பருப்பு விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். ஒரு ஜேர்னலில் வந்த கட்டுரை அடுத்த ஜேர்னலில் கிடைக்காது, நூலகம் இரண்டையும் வாங்கித்தான் ஆகவேண்டும். எழுதுகிறவருக்குச் சம்பளம் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. வாசித்துத் திருத்தும் ரிவியூவர் சும்மா செய்கிறார். அந்தச் சரக்கையே பல்கலைக்கழகம் திருப்பிக் காசு கொடுத்து வாங்குகிறது. எல்செவியரின் விஞ்ஞானப் பிரிவில் அண்மைய வருடங்களில் 100 ரூபா வருமானத்தில் 35 ரூபாவுக்கு மேல் இலாபம். வேறு எந்தத் தொழிலில் இப்படிக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது, எங்கள் துறைமுகத்தில் இல்லை.

இதற்கு எதிர்ப்பாக வந்ததுதான் திறந்த அணுக்கம். வாசிப்பவருக்கு இலவசம், எழுதுகிறவர் அல்லது அவருக்குப் பணம் தரும் நிறுவனம் கட்டவேண்டும். 2006 இல் தொடங்கிய பிளொஸ் வன் என்ற ஜேர்னல் இந்த முறையில்தான் பெரிதாக வளர்ந்தது. பெரிய பதிப்பகங்களும் சும்மா இருக்கவில்லை, இரண்டு பக்கமும் வாங்கப் பழகிக்கொண்டன. நேச்சர் இதழில் ஒரு கட்டுரை திறந்த அணுக்கமாக வரவேண்டும் என்றால் 2021 ஜனவரியில் அவர்கள் வைத்த கட்டணம் 9,500 யூரோ. இப்போதைய எங்கள் காசில் 30 இலட்சத்துக்கு மேல். அந்தச் செய்தியை வாசித்துவிட்டு நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்தேன். 2023 இல் நியூரோஇமேஜ் என்ற எல்செவியர் ஜேர்னலின் ஆசிரியர் குழுவில் 40 பேருக்கு மேல் கூட்டாக விலகினார்கள். கட்டுரைக்கு 3,450 டொலர் வாங்குவது நியாயமில்லை என்பது அவர்களின் காரணம், விலகிப் போய்ப் புதிதாக ஒன்று தொடங்கினார்கள். ஆகவே காசு கேட்பது மட்டும் போலியின் அடையாளம் இல்லை. உலகத்தின் மிகப் பெரிய பெயரும் கேட்கிறது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: உங்களை நிராகரித்தால் யாருக்கு நட்டம்? சந்தாவில் ஓடும் ஜேர்னல் உங்கள் கட்டுரையை 'வேண்டாம்' என்றால் அதன் பெட்டியில் ஒரு ரூபாவும் குறையாது. நூலகங்கள் வருட ஆரம்பத்திலேயே கட்டிவிட்டன. எழுதியவர் கட்டும் ஜேர்னலில், ஏற்றுக்கொண்ட பிறகுதான் காசு வரும். ஒவ்வொரு 'வேண்டாம்' என்பதும் கைநட்டம். அந்த நட்டத்தைத் தாங்கிக்கொண்டு 'வேண்டாம்' என்று சொல்லும் ஜேர்னல்கள் இருக்கின்றன, அதைச் சொல்லவே தெரியாதவையும் இருக்கின்றன. எது எது என்று கட்டண அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இதை ஒருவர் நேராகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஜோன் பொஹனன் என்ற பத்திரிகையாளர் 2013 இல், கல்பாசியில் இருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய்க் கலங்களைத் தடுக்கிறது என்று ஒரு போலிக் கட்டுரை தயாரித்தார். இரசாயனம் படித்தவர் எவரும் வரைபைப் பார்த்தவுடனே பிழையைப் பிடிக்கவேண்டும் என்ற மாதிரித் திட்டமிட்டுப் பிழை வைத்திருந்தார். சின்னச் சின்ன மாற்றங்களோடு, கட்டணம் வாங்கும் 304 திறந்த அணுக்க ஜேர்னல்களுக்கு அனுப்பினார். சயன்ஸ் இதழில் அவர் வெளியிட்ட கணக்கின்படி 157 ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன. மிச்சம் இயங்காத தளங்களும், முடிவு வராதவையும். ஏற்றுக்கொண்டவற்றில் பெரிய பதிப்பகங்களோடு தொடர்புள்ளவையும் இருந்தன. நிராகரித்தவற்றில் பிளொஸ் வன் இருந்தது, அதுவும் காசு வாங்கும் ஜேர்னல்தான். இந்தச் சோதனையிலும் ஒரு ஓட்டை உண்டு. சந்தா ஜேர்னல்களுக்கு அவர் அனுப்பிப் பார்க்கவில்லை. அங்கே எத்தனை விழுந்திருக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. 'திறந்த அணுக்கம் கெட்டது' என்று இதைக் காட்டி வாதாடுகிறவர்கள் இந்த இடத்தை மெதுவாகத் தாண்டிப் போவார்கள்.

இனி மாநாட்டுக்கு வருவோம், உங்கள் பிரச்சினை அதுதானே. ஜேர்னலை விட இங்கே கணக்கு இன்னும் இறுக்கம். நாங்கள் நடத்திய சின்ன ஆய்வரங்கையே எடுங்கள். ஒரு வருடம் 80க்கு மேல் சுருக்கங்கள் வந்தன. மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது. சாப்பாட்டுப் பொதிக்கு ஆள் கணக்கைக் கடைக்காரருக்கு முதல் கிழமையே சொல்லவேண்டும், பை, பைல், சான்றிதழ் அச்சுக்கும் எண்ணிக்கை கொடுக்கவேண்டும். ரிவியூவுக்கு அனுப்பியதில் 20 சுருக்கங்கள் அளவில் தேறாது என்று திரும்பி வந்தன. சிலவற்றில் முடிவே இல்லை, 'முடிவுகள் மாநாட்டில் சமர்ப்பிக்கப்படும்' என்று ஒரு வரி. அவற்றைத் தள்ளினால் அவ்வளவு பேரின் பதிவுக் கட்டணம் போகும், மண்டபக் காசு இடிக்கும். கூட்டத்தில் ஒருவர், நல்ல மனுசன், சொன்னார்: 'பொடியன்கள் பாவம், ஆர்வத்தில் அனுப்பியிருக்கிறார்கள், போஸ்டராகவாவது எடுப்பம்.' எல்லோரும் தலையாட்டினோம், நானும். அவர் சொன்ன காரணம் பொய் இல்லை, என் மனதில் ஓடியது மட்டும் சாப்பாட்டுப் பொதிக் கணக்கு. நாங்கள் ஒருவரும் ஏமாற்றுக்காரர் இல்லை, ஒரு ரூபாவும் எங்கள் சட்டைப்பைக்குள் போகவில்லை. அப்படிப்பட்ட இடத்திலேயே காசு இப்படிக் கையைப் பிடித்து இழுக்கிறது என்றால், இலாபத்துக்காகவே மாநாடு நடத்துகிறவரிடம் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நீதிமன்றப் பதிவு இருக்கிறது. ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஒமிக்ஸ் நிறுவனத்தின் மேல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2016 இல் வழக்குப் போட்டது. ரிவியூ நடக்கிறது என்று சொல்லிவிட்டுச் சரியாக நடத்தவில்லை, கட்டணத்தை ஏற்றுக்கொண்ட பிறகே வெளியில் எடுத்தது, கட்டுரையைத் திருப்பிக் கேட்டால் விடவில்லை, சம்மதிக்காத அறிஞர்களின் பெயர்களை மாநாட்டு விளம்பரத்தில் போட்டது என்பவை குற்றச்சாட்டுகள். 2019 மார்ச்சில் நெவாடாவில் உள்ள மத்திய நீதிமன்றம் 50.1 மில்லியன் டொலர் கட்டும்படி உத்தரவிட்டது. இந்த நாலு குற்றச்சாட்டையும் எழுதி வைத்துக்கொண்டு உங்கள் மெயிலை ஒருக்கா வாசியுங்கள்.

நானும் இதில் விழுந்தவன்தான், அதைச் சொல்லாமல் மற்றவருக்குப் புத்தி சொல்வது சரியில்லை. 2013 அளவில், பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைந்தது. மெயிலில் வந்த ஒரு 'சர்வதேச ஜேர்னலுக்கு' அனுப்பினேன். நாலாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். ரிவியூவர் குறிப்பு இரண்டு வசனம்: கட்டுரை நன்று, இலக்கணம் பார்க்கவும். 150 டொலரை மச்சானின் கிரெடிட் கார்ட்டில் கட்டினேன். கட்டுரை வந்த பிறகு அட்டவணையைப் பார்க்கிறேன், குளோரைட்டின் அலகை மில்லிகிராமுக்குப் பதிலாகக் கிராம் என்று நானே பிழையாக அடித்திருக்கிறேன். குடிநீரில் லீட்டருக்கு 250 மில்லிகிராம் என்பது எங்கள் நாட்டுத் தர எல்லை. என் கட்டுரையில் அது 250 கிராம். கடல்நீரிலேயே குளோரைட் லீட்டருக்கு 19 கிராம் அளவுதான். அதாவது கடலை விடப் பதின்மூன்று மடங்கு உப்பான தண்ணியைக் குடிக்கலாம் என்று என் பெயரில் அச்சேறியிருக்கிறது, ரிவியூவர் என்று ஒருவர் இருந்திருந்தால் அவர் அதைத் தாண்டி வந்திருக்கிறார். மூன்று வருடம் கழித்து அந்தத் தளமே இல்லை. அந்த முகவரியில் யாரோ சப்பாத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இதில் வெட்கமான பகுதி அதுவல்ல. அந்தக் கட்டுரைக்கு எனக்குப் புள்ளி கிடைத்தது. நேர்முகத்தில் ஒருவரும் அட்டவணையைப் பார்க்கவில்லை, ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது. எண் என்பது எண் மட்டும்தான். ஒரு தொடர் வெளியீடு இருக்கிறது என்று பதிவதற்காகக் கொடுப்பது, தரத்துக்கு அல்ல. புத்தகங்களுக்குக் கொடுக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணும் அப்படியே, இங்கே தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்தால் சமையல் புத்தகத்துக்கும் கிடைக்கும். 'ஐஎஸ்பிஎன் உள்ள தொகுப்பில் வெளிவரும்' என்று மாநாட்டு மெயிலில் தடித்த எழுத்தில் போடுவது, இந்தத் தேசிய அடையாள அட்டையில் என் படம் இருக்கிறது, ஆகவே நான் நல்லவன் என்று சொல்வது மாதிரி. போலி ஜேர்னலை விற்பவர் ஒருவர் என்றால் வாங்குபவர் எங்கள் பதவி உயர்வு முறை. எண்ணிப் புள்ளி போடும் வரைக்கும் எண்ணிக்கை விற்கப்படும். விற்பவரை மட்டும் திட்டுகிற சேர்மாரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நியாயமான ரிவியூ என்றால் அது தராசு மாதிரித் துல்லியம் என்றும் நினைக்கவேண்டாம். அது அவ்வளவு பழைய வழக்கமும் இல்லை. நேச்சர் இதழே எல்லாக் கட்டுரையையும் வெளியாருக்கு அனுப்பி வாசிப்பிப்பதைக் கட்டாயமாக்கியது 1973 இல்தான். 1936 இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பலைகள் பற்றிய ஒரு கட்டுரையை பிசிக்கல் ரிவியூவுக்கு அனுப்பியபோது, கேட்காமல் வேறொருவருக்குக் காட்டிவிட்டீர்களே என்று கோபித்துக்கொண்டு திருப்பி எடுத்துவிட்டார். ஆனால் அந்த ரிவியூவர் சொன்னது சரி. பின்னர் வேறு இதழில் வந்தபோது கட்டுரையின் முடிவே மாறியிருந்தது. மறுபக்கம், இன்று நியூரிப்ஸ் எனப்படும் கணினி மாநாட்டில் 2014 இல் 166 கட்டுரைகளை இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 43 கட்டுரைகளில் ஒரு குழு எடுத்ததை மற்றது தள்ளியது. கேட்கும்போது கால்வாசிதானே என்று தோன்றும். ஆனால் எடுப்பதே கால்வாசிக்குக் கிட்டத்தான் என்பதால், ஒரு குழு எடுத்தவற்றில் பாதிக்கு மேல் மற்றக் குழுவிடம் தேறியிராது. இடையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கணினித்துறையில் மாநாடுதான் முதன்மை, ஜேர்னல் பிறகு. அந்தத் துறைக்காரர் யாராவது 'மாநாட்டுக் கட்டுரைதான் பெரிது' என்று உங்களுக்குச் சொல்லியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது கிணற்றுத் தண்ணி ஆய்வுக்குப் பொருந்தாது. எங்கள் துறைகளில் மாநாட்டுச் சுருக்கம் என்பது 'இதைச் செய்துகொண்டிருக்கிறேன்' என்று அறிவிப்பது. அதோடு சரி.

இப்போது உங்கள் மெயில். மூன்று நாளில் தெரிவானது சந்தேகத்துக்கு இடம், ஆனால் அது மட்டும் போதாது. அரைப் பக்கச் சுருக்கத்தை நேர்மையான குழுவும் ஒரு கிழமைக்குள் வாசித்துவிடும். சூமில் பேச 250 டொலர் என்பது எனக்கு அதை விட உறுத்துகிறது. மண்டபம் இல்லை, சாப்பாடு இல்லை, பை இல்லை, அந்தக் காசு எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டு எழுதுங்கள். அதே மெயிலில், என் சுருக்கத்துக்கு ரிவியூவர் எழுதிய குறிப்பை அனுப்புங்கள் என்றும் கேளுங்கள். உண்மையாக வாசித்திருந்தால் ஏதாவது இருக்கும், எத்தனை மாதிரி, எந்தக் கருவி, எந்த முறை என்று. 'உங்கள் மதிப்புமிக்க ஆய்வு' என்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் விளங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் ஒரு பேராசிரியரின் பெயரை எடுங்கள். அவருடைய பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள முகவரிக்கு நேரே எழுதி, இந்த மாநாட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு வரி கேளுங்கள். மாநாட்டுத் தளத்தில் போட்டிருக்கும் முகவரிக்கு எழுதவேண்டாம், அது திரும்ப அவர்களிடமே போகும். நான் ஒரு மாணவிக்காக ஒருமுறை இப்படிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது: தெரியாது, என் பெயரை எடுக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதிவிட்டேன். மற்றது, அதே ஹோட்டலில் அதே இரண்டு நாளில் வேறு எத்தனை 'சர்வதேச மாநாடு' நடக்கிறது என்று தேடிப் பாருங்கள். நீரியல், தாதியியல், வங்கித்துறை, இலக்கியம் எல்லாம் ஒரே மண்டபத்தில் ஒரே ஏற்பாட்டாளர் என்றால், உங்கள் அமர்வில் உப்புநீர் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார். பேசிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வரலாம்.

'ஸ்கோபஸ் ஜேர்னலில் வரும்' என்ற வாக்குறுதிக்குத் தனியாக ஒரு பந்தி வேண்டும், காப்பு போவது அதற்காகத்தான். காணி வாங்குகிறவர் விற்கிறவர் காட்டும் போட்டோக்கொப்பியை நம்பிக் காசு கொடுப்பதில்லை, காணிப் பதிவகத்துக்குப் போய்த் தேடுவார். அப்படியே ஸ்கோபஸின் சொந்தத் தளத்தில் மூலப் பட்டியல் இலவசமாகப் பார்க்கலாம், அங்கே ஜேர்னலின் பெயரையும் எண்ணையும் போட்டுப் பாருங்கள். எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், சேர்த்துவிட்டுப் பிறகு நிறுத்திய ஜேர்னல்கள் உண்டு. உண்மையான ஜேர்னலின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. ஆகவே தளத்தின் முகவரியும் ஒத்துப்போகவேண்டும். எந்த ஜேர்னல் என்று பெயர் சொல்லாமல் 'ஸ்கோபஸ் ஜேர்னல்' என்று பொதுவாகச் சொல்கிறார்கள் என்றால் அங்கே தேட ஒன்றுமே இல்லை, அது வெறும் வாய்வார்த்தை. நாளைக்கு இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. வைலி நிறுவனம் 2021 இல் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை 298 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதன் ஜேர்னல்கள் பல நல்ல பட்டியல்களில் இருந்தவை. போலிக் கட்டுரைகளைத் தயாரித்துக் காசுக்கு விற்கும் கட்டுரை ஆலைகள் உள்ளே புகுந்தது தெரியவந்து 2023 இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன, கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். அந்த ஜேர்னல்களில் நேர்மையாக எழுதியவர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்போ என்ன செய்வது? உங்கள் 42 கிணறுகளை யார் வாசிக்கவேண்டும் என்று முதலில் யோசியுங்கள். நிலாவெளியில் மணலுக்கு அடியில் நல்ல தண்ணி உப்புத் தண்ணியின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரைக் கிணறுகளை அவசர அவசரமாக இறைத்தார்கள். அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும் என்பது அதன் பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. இப்போது ஹோட்டல்காரரும் இறைக்கிறார்கள். உங்கள் தரவு தேவைப்படுவது நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும், பிரதேச சபைக்கும், அடுத்த வருடம் இதே கிணறுகளை அளக்கப்போகும் தங்கைமாருக்கும். அவர்களுக்குக் கிடைக்கும் இடம் இங்கேயே இருக்கிறது. 1944 இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் வருடாந்த அமர்வு நடத்துகிறது, துறைவாரியாகப் பிரிவுகள் உண்டு, அந்தந்தத் துறைக்காரர் வந்து கேள்வி கேட்பார்கள். தேசிய விஞ்ஞான மன்றத்தின் கீழ் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளத்தில் எங்கள் நாட்டு ஆய்விதழ்கள் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். அதில் தண்ணி, சூழல் சம்பந்தப்பட்ட இதழ் இரண்டை எடுத்து, கடைசி இரண்டு வருட இதழ்களைப் புரட்டி, உங்களுடையது மாதிரி வேலை வந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டண விபரம் ஒவ்வொரு இதழின் பக்கத்திலும் போட்டிருக்கும். வெளிநாட்டு இதழுக்குத்தான் போகவேண்டும் என்றால் அதுவும் முடியும். எங்களைப் போன்ற நாடுகளில் இருந்து வருகிறவர்களுக்குக் கட்டணத்தில் கழிவு தரும் பதிப்பகங்கள் உண்டு. ஆனால் சமர்ப்பிக்கும்போதே கேட்கவேண்டும், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

முதுநிலைக்கு எடுக்கும்போது எதிரில் இருக்கிறவர் பாங்கொக் சான்றிதழை மதிப்பாரா என்ற கேள்விக்கு, என்னால் என் பக்கத்தைத்தான் சொல்ல முடியும். நான் எடுத்த மாணவர்களில் சான்றிதழைப் பார்த்து ஒருவரையும் எடுக்கவில்லை. ஆய்வேட்டைத் திறந்து ஒரு வரைபைக் காட்டி, இந்தப் புள்ளி ஏன் தனியாக நிற்கிறது என்று கேட்பேன். பதில் சொன்னவரை எடுத்தேன். மற்ற இடங்களில் சான்றிதழை எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன், நானே அப்படி எண்ணப்பட்டவன்தானே. அதற்காக 1 இலட்சத்து 26 ஆயிரம் பெறுமா என்றால், என் மகளாக இருந்தால் காப்பைக் கையிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுவேன்.

பேராசிரியருக்கு எழுதிப் பதில் வந்தால் இங்கே கீழே போடுங்கள், மாநாடு உண்மையானது என்று தெரிந்தால் நான் சொன்னதைத் திருத்துகிறேன். அதற்கிடையில் எனக்கு ஒன்று சொல்லுங்கள். 42 கிணற்று மாதிரிகளையும் எந்த மாதம் எடுத்தீர்கள்? மாரி மழைக்கு முன்னமா, பிறகா, அல்லது பாதி பாதியாகவா? உங்கள் கேள்வியிலும் இல்லை, நீங்கள் ஒட்டியிருக்கும் சுருக்கத்திலும் இல்லை. ஜனவரியில் எடுத்த கிணறையும் கச்சான் காற்றடிக்கும் ஆகஸ்டில் எடுத்த கிணறையும் ஒரே அட்டவணையில் போட்டிருந்தால், எந்த இதழுக்கு அனுப்ப முன்னரும் அதைப் பிரிக்கவேண்டும்.